ஐந்து கேட், ஏழு நாள்

எங்கள் கம்பெனிச் சுவரில் இப்போது ஒரு பெரிய டிவி தொங்குகிறது. அதில் படம் ஓடாது. இந்த மாதம் எத்தனை விற்க வேண்டும், எத்தனை விற்றிருக்கிறோம், மென்பொருளில் புதிதாக என்னென்ன முடிக்க வேண்டும் என்பதெல்லாம் பச்சையிலும் சிவப்பிலும் ஓடிக்கொண்டே இருக்கும். நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வாரம் முன்னால்தான் மாட்டினார்கள். என் மூக்குக்கண்ணாடிக்கு அந்த எழுத்து எட்டாது. நல்லதாய்ப் போயிற்று.

போன வாரம் விற்பனைப் பிரிவிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "சார், ஃபர்ஸ்ட் இயர்ல டார்கெட் எப்படி வெச்சீங்க? புதுசா சேர்ந்தவங்களுக்கு ஒரு பத்து நிமிஷம் வந்து பேசுறீங்களா?" என்றாள். பேச வரவில்லை, எழுதித் தருகிறேன் என்றேன். பேசினால் எனக்குச் சாதகமான இடத்தில் நிறுத்திவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா?

என் பெயர் தனபால். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் கேட்டில் இருபத்து நான்கு வருடம் கிளார்க்காக இருந்தேன். யார்டு என்றால் வேறொன்றுமில்லை, துறைமுகத்துக்குப் போகிற, துறைமுகத்திலிருந்து வருகிற இரும்புப் பெட்டிகளை அடுக்கி வைக்கும் பெரிய பொட்டல். லாரி உள்ளே வரும்போது பெட்டியின் நம்பர், லாரி நம்பர், கதவில் போட்டிருக்கும் சீலின் நம்பர், எங்கே நசுங்கியிருக்கிறது, எத்தனை மணி என்று நீள ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். வெளியே போகும்போது அந்தப் பழைய வரியைத் தேடி எடுத்து, சீல் நம்பரை விரல் வைத்து ஒத்துப் பார்த்த பிறகுதான் கேட்டைத் திறக்க வேண்டும். வேலை இவ்வளவுதான். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஆறு மாதமும் நாலு திட்டும் ஆயிற்று. அதற்கப்புறம் இருபத்து மூன்றரை வருடம் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

அந்த யார்டை மூடினார்கள். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அந்த வயதில் கேட் கிளார்க்கை யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்? கலைச்செல்வி கொடுத்தார்.

அவருக்கு அப்போது முப்பது முப்பத்தொன்று இருக்கும். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வளர்ந்தவர். தெற்கே ஒரு பெரிய கம்பெனியில் ஒன்பது வருடம் மென்பொருள் எழுதிவிட்டு, வேலையை விட்டு, தன் சேமிப்பைப் போட்டு ராயபுரத்தில் கயிற்றுக் கடை மாடியில் ஒரு அறை பிடித்திருந்தார். யார்டு கேட்டுக்கு ஒரு மென்பொருள் செய்வதுதான் திட்டம். காசிமேட்டுப் பையன் ஜெரோம் புரோகிராம் எழுதுவான். விற்பது நான். வெளியாள் பணம் ஒரு பைசா கிடையாது. அவரை நான் "மேடம்" என்பேன், அவர் என்னை "சார்" என்பார். கடைசி நாள் வரைக்கும் இரண்டு பேரும் அதை மாற்றவில்லை.

முதல் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, கயிற்றுக் கடைக்காரர் விட்டுப்போன கரும்பலகையில் அவர் இரண்டே வரி எழுதினார். ஒன்று, எட்டு மாதத்தில் ஐந்து கேட். இரண்டாவது, இரண்டு யார்டு தன் வாயால் கேட்காத எதையும் செய்யக் கூடாது.

"என் சேமிப்பு எட்டு மாசம் தாங்கும் சார். நவம்பர் முடிவுல அஞ்சு வரலைன்னா நான் பழைய வேலைக்குப் போயிடுவேன். நீங்களும் ஜெரோமும் வேற எடம் பாத்துக்கணும். இப்பவே சொல்லிடறேன்" என்றார்.

ஐந்து என்ன பெரிய நம்பர் என்று நினைத்தேன். எண்ணூர் போகிற சாலையில் எனக்குத் தெரியாத கேட் உண்டா? எல்லாக் கேட்டிலும் தோஸ்து இருந்தான். ஆனால் எதை ஒன்று என்று எண்ணுவது என்பதில் மேடம் என் கழுத்தைப் பிடித்தார். யார்டு முதலாளி கையெழுத்துப் போட்டால் அவருக்கு அது விற்பனை இல்லை. கம்ப்யூட்டரை வைத்துவிட்டு வந்தாலும் இல்லை. கேட் கிளார்க் காகித ரிஜிஸ்டரை மூடி வைத்துவிட்டு, ஏழு நாள் தொடர்ந்து அதைத் திறக்காமல் இருந்தால்தான் பலகையில் ஒன்று ஏறும்.

"ரெண்டுலயும் எழுதறாங்கன்னா நம்மள நம்பலைன்னு அர்த்தம். நம்பாதவங்க ஆறு மாசத்துல தூக்கிப் போட்டுடுவாங்க" என்றார்.

இன்னொரு கெடுபிடியும் இருந்தது. கேட்டில் யார் என்ன சொன்னாலும் அவர்கள் சொன்ன அதே பாஷையில் என் நோட்டில் எழுத வேண்டும். திங்கட்கிழமை அதை உரக்கப் படிக்க வேண்டும். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, போனைக் குப்புற வைத்துவிட்டு, ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார். ஒருமுறை, "எழுத்து சின்னதாக இருக்கிறது என்று குறைப்பட்டார்" என்று படித்தேன். நிறுத்தினார்.

"அப்படியா சொன்னாரு?"

"இல்ல மேடம். 'இன்னாயா இது, எறும்பு ஊர்ற மாரி கீது, கண்ணு அவிஞ்சி பூடும்' அப்படின்னாரு."

"அதை எழுதுங்க."

நன்றாகச் செய்தீர்கள் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. படித்து முடித்தால் "அப்புறம்?" என்பார். எட்டு மாதமும் அந்த ஒரு வார்த்தைதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஜெரோம் அவர் இல்லாத நேரத்தில் அதே குரலில் "அப்புறம்?" என்று என்னைச் சீண்டுவான்.

மென்பொருள் நன்றாகவே இருந்தது, அதைச் சொல்ல வேண்டும். பெட்டி நம்பரில் கடைசி இலக்கம் மற்ற எழுத்தையும் எண்ணையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது. ஒரு எண்ணைத் தப்பாக அடித்தால் திரை சிவந்துவிடும். நான் இருபத்து நான்கு வருடம் எழுதிய ரிஜிஸ்டரில் எத்தனை தப்பு இருந்திருக்கும் என்று நினைத்து வெட்கப்பட்டிருக்கிறேன். இருந்தும் ரிஜிஸ்டரை மூட எவனுக்கும் மனசு வரவில்லை. அக்டோபர் நடுவில் பலகையில் நான்கு இருந்தது. கையில் ஏழு வாரம்.

ஐந்தாவதாக நான் குறி வைத்தது எண்ணூர்ப் பக்கம் ஒரு யார்டு. முதலாளி தூத்துக்குடிக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. கேட்டில் மோகன். நெட்டுக்குப்பத்து ஆள், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவன். அப்பா கழிமுகத்தில் இறால் பிடித்தவர். தண்ணீர் கெட்டு வலையில் விழுவது குறைந்ததும் மோகன் கேட் வேலைக்கு வந்துவிட்டான். நிரந்தரம் கிடையாது, கான்ட்ராக்ட். நானும் அவனும் பதினைந்து வருடப் பழக்கம். ஒரே லாரி இரண்டு யார்டுக்கும் வரும். நம்பரில் சந்தேகம் என்றால் போனில் கேட்டுக்கொள்வோம்.

திரையை அவன் இரண்டே நாளில் பழகிவிட்டான். மூன்றாவது நாள் கேட்டான்.

"அண்ணாத்தே, அல்லாம் ஷோக்காதான் கீது. நெட்டு பூட்ச்சின்னா இன்னா பண்றது? இங்க மய பேஞ்சா நெட்டு பூடும். அன்னிக்கி நா எதுல எய்துவேன்?"

நியாயமான கேள்வி. அன்றைய மென்பொருளுக்கு இணையம் இல்லையென்றால் உயிர் இல்லை. இதே கேள்வியை ஏற்கெனவே திருவொற்றியூரில் ஒரு யார்டு கேட்டிருந்தது, நோட்டில் இருக்கிறது. மோகன் கேட்டது இரண்டாவது. இதை நான் திங்கட்கிழமை படித்தால் மேடம் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, நெட் இல்லாமல் ஓடுகிற மாதிரி செய்யச் சொல்வார். அதற்கு ஆறு வாரம் ஆகும் என்று ஜெரோம் முன்பே சொல்லியிருந்தான். அது முடிகிற வரைக்கும் புதுக் கேட் எதையும் எண்ண விடமாட்டார். நவம்பர் முடிந்துவிடும், கடையைக் கட்ட வேண்டியதுதான்.

நோட்டைத் திறந்தேன். பேனாவை எடுத்தேன். எழுதவில்லை. மூடிப் பையில் வைத்துக்கொண்டேன்.

அத்தோடு விட்டேனா? "மோகனு, ஒரே ஒரு வாரம் ரிஜிஸ்டர மூடி டிராயர்ல வெச்சிடு. எனக்கோசரம். ஏழு நாள் ஆனா எங்க போர்டுல அஞ்சு ஏறிடும். அப்பால நீ இன்னா வோணாலும் பண்ணிக்க" என்றேன். ஒரு கேட் கிளார்க் இன்னொரு கேட் கிளார்க்கிடம் கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டான். எங்களுக்குள் அது பழக்கம். வெளியிலிருந்து வந்த எந்த விற்பனைக்காரனாலும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது.

"நீ கேட்டு நா இல்லன்னு சொல்வனா அண்ணாத்தே?" என்று ரிஜிஸ்டரை டிராயரில் போட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஆறாவது நாள் வியாழக்கிழமை. காலையிலிருந்து ஊற்றுகிறது. பகல் பதினொரு மணிக்கு மோகன் போன் செய்தான். சாலையோரம் தோண்டிய பள்ளத்தில் கேபிள் அறுந்துவிட்டதாம். "நெட்டு பூட்ச்சு அண்ணாத்தே. வெளில பத்து வண்டி நிக்கிது, டிரைவருங்க கத்திகினு கீறானுங்கோ. ரிஜிஸ்டர எடுக்கட்டா?"

எடு என்று சொல்ல ஒரு நொடி ஆகியிருக்காது. நான் சொன்னது இது: "இன்னும் ஒரு நாள்தான் மோகனு. எடுத்தா மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ணணும். துண்டு சீட்டுல எய்தி வையி. நெட்டு வந்ததும் ஏத்திக்கலாம்."

போனில் டிரைவர்கள் கத்துவது கேட்டது. பிறகு, "செரி" என்றான்.

வெள்ளிக்கிழமை நெட் வந்தது. ஏழு நாள் முடிந்தது. திங்கட்கிழமை காலை மேடம் பலகையில் நான்கை உள்ளங்கையால் அழித்துவிட்டு ஐந்து என்று எழுதினார். ஜெரோம் முந்தின நாளே சொல்லி வைத்து மூன்று பொட்டலம் அத்தோ, சாயங்காலம் தள்ளுவண்டியில் விற்கிற பர்மா நூடுல்ஸ், வாங்கி வந்திருந்தான். காலை எட்டு மணிக்கு யாராவது அத்தோ தின்பார்களா? தின்றோம். மேடம்கூட இரண்டு வாய் எடுத்துக்கொண்டார். கையைக் கழுவிவிட்டு வந்து, "அப்புறம்?" என்றார்.

அன்று மத்தியானம் மோகன் கூப்பிட்டான். வியாழக்கிழமை மழையில் அவன் ஒரு பெட்டியை மாற்றி வெளியே விட்டுவிட்டான். ஒரே கம்பெனிப் பெட்டி இரண்டு, பக்கத்துப் பக்கத்து நம்பர். சீலை ஒத்துப் பார்க்கத் திரையும் இல்லை, ரிஜிஸ்டரும் இல்லை. நனைந்து மை பரவிய துண்டுச் சீட்டு மட்டும்தான். ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைக்குப் போக வேண்டிய இயந்திர பாகங்கள் செங்குன்றத்தில் ஒரு கிடங்குக்குப் போய்விட்டன. சனி, ஞாயிறு யாரும் திறக்கவில்லை. திங்கட்கிழமை திறந்திருக்கிறார்கள்.

"நாளைலேர்ந்து வராதன்ட்டாரு அண்ணாச்சி. பொண்ணு பத்தாவது படிக்குது. வூட்ல இன்னும் சொல்லல" என்றான். பிறகு, "நீ சொல்லித்தான் மூடினேன்னு நா சொல்லல அண்ணாத்தே. உன் பேர எடுக்கல" என்றான்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கீழே இறங்கிப் போய் டீ குடித்தேன். மறுபடியும் ஒரு டீ குடித்தேன். சும்மா இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பலகையில் ஐந்து இருக்கும், எனக்கு வேலை இருக்கும், மேடத்துக்குக் கம்பெனி இருக்கும். மோகனுக்கு மட்டும் ஒன்றும் இருக்காது. மேலே ஏறிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

மேடம் சத்தம் போடவில்லை. "நோட்டைக் கொடுங்க" என்றார். பக்கங்களைப் புரட்டினார். "என்னிக்கு கேட்டாரு?" தேதியைச் சொன்னேன். "என்ன வார்த்தை சொன்னாரு?" சொன்னேன். நோட்டை என் பக்கம் திருப்பிப் பேனாவையும் எடுத்து வைத்தார். "இப்ப எழுதுங்க சார்."

எழுதினேன். 'மய பேஞ்சா நெட்டு பூடும். அன்னிக்கி நா எதுல எய்துவேன்?' அந்த ஒரு வரி அளவுக்கு எதையும் நான் கஷ்டப்பட்டு எழுதியதில்லை. எழுதி முடித்ததும் உரக்கப் படிக்கச் சொன்னார். படித்தேன். ஜெரோம் தலையைக் குனிந்துகொண்டான்.

"மத்த நாலுல எத்தனை பேரு தானா மூடினாங்க, எத்தனை பேரு உங்களுக்காக மூடினாங்க?" என்று கேட்டார். மறுநாள் காலை இரண்டு பேரும் ஆட்டோ எடுத்துக்கொண்டு நான்கு கேட்டுக்கும் போனோம். மூன்றில் ரிஜிஸ்டர் பழைய பேப்பரோடு மூலையில் கிடந்தது. நான்காவதில் கிளார்க்கின் சாப்பாட்டுப் பைக்கு அடியில் இருந்தது, அன்று காலை வரைக்கும் எழுதியபடி. "தனபாலண்ணனுக்குக் கஷ்டம் வரக் கூடாதுன்னு மறச்சி வெச்சேம்மா" என்று அவன் மேடத்திடமே சொன்னான். இதைவிட ஒருவன் மானத்தை எப்படி வாங்குவது! அந்தக் கதை சாயங்காலத்துக்குள் எல்லாக் கேட்டுக்கும் பரவிவிட்டது.

அங்கிருந்து நேராக அண்ணாச்சியிடம் போனோம். மேடம் உட்காரவில்லை.

"தப்பு எங்க மேல சார். இந்தக் கேள்வியை மோகன் முன்னாடியே கேட்டுட்டார். நாங்க செய்யல. அவரைத் திரும்ப எடுத்துக்கோங்க."

"ரிஜிஸ்டர எடுக்க வேணாம்னு போன்ல சொன்னது நான்தான் அண்ணாச்சி" என்றேன் நான்.

அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீரும் கேட்டுல நின்ன ஆளுதானவே? வெறுங்கையோட ஒருத்தன கேட்டுல நிக்க வைக்கலாமா?"

"கூடாது அண்ணாச்சி" என்றேன்.

"அவன வரச் சொல்லுதேன். உங்க சரக்கு எனக்கு வேண்டாம், எடுத்துட்டுப் போங்க" என்றார் அண்ணாச்சி. மேடம் சரி என்று தலையாட்டினார். பேரம் பேசவில்லை, இன்னொரு வாய்ப்புக் கேட்கவில்லை. திரும்பி வந்து பலகையில் ஐந்தை அழித்து மூன்று என்று எழுதினார்.

நவம்பர் கடைசித் திங்கட்கிழமையும் அது மூன்றாகவே இருந்தது. சொன்னபடியே அவர் வேலைக்குப் போனார், கிண்டியில் ஒரு கம்பெனிக்கு. ஆனால் எங்களைப் போகச் சொல்லவில்லை. "மூணு கேட்ல வர்றதுல உங்க ரெண்டு பேர் சம்பளம் பாதியாவது வரும். இருக்கறதுன்னா இருங்க" என்றார். இருந்தோம். என்னை ஏன் வேலையை விட்டு எடுக்கவில்லை என்று நான் கேட்டதில்லை. திங்கட்கிழமை எட்டு மணிக் கூட்டம் ஏழு மணிக்கு மாறியது. பலகையில் ஒரே ஒரு குறிக்கோள்தான் இருந்தது: 'மய பேஞ்சா நெட்டு பூடும்.' அப்படியே, மோகன் வாய் வார்த்தையில், மேடம் கையெழுத்தில். ஆறு வாரம் என்ற ஜெரோம் பதினோரு வாரம் எடுத்துக்கொண்டான்.

மோகனை அண்ணாச்சி எடுத்துக்கொண்டார். ஆனால் கேட்டில் வைக்கவில்லை. உள்ளே வெயிலில் பெட்டி எண்ணப் போட்டார். நாலு மாதம் கழித்துத்தான் கேட்டுக்குத் திரும்பினான். அந்த நாலு மாதமும் என் போனை எடுக்கவில்லை. எடுக்காதது சரிதான்.

நெட் இல்லாமலும் ஓடுகிற மென்பொருளை முதலில் கொண்டுபோக வேண்டிய இடம் அண்ணாச்சி யார்டு என்று மேடம் சொல்லிவிட்டார். காசு வாங்கக் கூடாது. "ரிஜிஸ்டரை மூடுங்கன்னு ஒரு வார்த்தை உங்க வாயில வரக் கூடாது சார்." அண்ணாச்சி என்னை ஒரு மணி நேரம் நிற்க வைத்துவிட்டு ஒப்புக்கொண்டார். ரிஜிஸ்டர் மேசை மேலேயே இருக்க வேண்டும், பக்கத்தில் உங்கள் பெட்டி என்னமும் செய்துகொள்ளட்டும் என்றார். மோகன் என்னிடம் பேசாமலே கம்ப்யூட்டருக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தான். வாரம் ஒருமுறை போவேன். அவன் குறை சொல்வான், நான் எழுதுவேன். எல்லாவற்றையும் எழுதினேன். என் சட்டை நன்றாக இல்லை என்று சொன்னதைக்கூட.

அடுத்த மழைக்காலம் வந்து போனது. நெட்டும் நாலைந்து தடவை போய் வந்தது. தை பிறந்து ஒரு நாள் காலை மோகன் போன் செய்தான்.

"அண்ணாத்தே, ரிஜிஸ்டர மூடிட்டேன்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நானாதான் மூடினேன். அண்ணாச்சி கைல கேட்டுகினேன். சும்மா ரெண்டுலயும் எய்திகினு இன்னாத்துக்கு?"

"ஏழு நாள் கழிச்சி சொல்லு" என்றேன்.

"தெரியும், போ" என்று வைத்துவிட்டான்.

எட்டாவது நாள் நானே போனேன். கேட்டில் ஆறு லாரி நின்றது. மோகன் திரையைப் பார்த்து நம்பர் அடித்துக்கொண்டிருந்தான். மேசை மேல் ரிஜிஸ்டர் இல்லை. வணக்கம்கூடச் சொல்லாமல் குனிந்து டிராயரை இழுத்துப் பார்த்தேன். உள்ளே ஒரு சீப்பும் பாதி வேர்க்கடலைப் பொட்டலமும் இருந்தன.

மோகன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "நல்லா பாத்துக்க அண்ணாத்தே. சாப்பாட்டுப் பை அங்க மாட்டிகீது, அதையும் பாரு."

அதையும் இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் மேடத்துக்குப் போன் செய்தேன்.